பாறையில் ஏறும்போது பயம் வந்தால்...



கல்வராயன் மலை அடிவாரத்தில் நம் குழு உறுப்பினர்களுக்காக ஒரு நாள் பாறை ஏறும் பயிற்சி நடந்தது. "விறகுக்கும் கடுக்காய்க்கும் தினமும் மலை ஏறுறவங்க நாங்க, எங்களுக்கே பயிற்சியா?" என்று சிரித்துக்கொண்டேதான் எல்லோரும் வந்தார்கள். ஆனால் செங்குத்தான பாறையில் பாதி தூரம் ஏறிய ஒரு சகோதரி அப்படியே நின்றுவிட்டார். கால் வெடவெடவென்று நடுங்கியது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை.

கீழே நின்ற நாம் என்ன செய்தோம்? "ஏறு, ஏறு! உன்னால முடியும்!" என்று ஆளுக்கொரு பக்கம் கத்தினோம். அதுதான் நாம் செய்த தப்பு. கூச்சல் கூடக் கூட அவருக்குப் பயமும் கூடியது. பயிற்சியாளர் எங்களை அமைதியாக்கி, அவரை மெல்லக் கீழே இறக்கினார். இறங்கியதும் அவர் அழுதுகொண்டே சொன்னது: "நான் விழுந்துட்டா என் புள்ளைங்கள யாருக்கா பார்ப்பா?"

அந்தக் கேள்வியில் தவறே இல்லை. பயத்தைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியது அங்கேதான் தொடங்குகிறது.

பயம் ஏன் வருகிறது?

ஆபத்து என்று மூளை நினைத்தவுடன் உடம்பில் அட்ரினலின் என்ற சுரப்பு ஊறுகிறது. நெஞ்சு படபடக்கிறது, வாய் வறள்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடம்பு தயாராகிறது என்று அர்த்தம். இது கோழைத்தனம் அல்ல. பயம் சுத்தமாக இல்லாதவர்தான் கயிறு கட்டாமல் ஏறி விழுவார்.

ஆகவே முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். பாறை ஈரமா? பாசி பிடித்திருக்கிறதா? மேலே மலைத்தேன் கூடு தொங்குகிறதா? கயிறு கட்டியது சரியில்லையா? இதெல்லாம் உண்மையான ஆபத்து. இந்தப் பயத்துக்குக் கட்டாயம் செவி கொடுங்கள், ஏறாதீர்கள். எல்லாம் சரியாக இருந்தும் மனசு கேட்கவில்லை என்றால், அந்தப் பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கித்தான் குறைக்க முடியும்.

என்ன செய்யலாம்?

1. ஏறும் முன் ஒருவரை ஒருவர் சரிபாருங்கள். ஹெல்மெட், இடுப்புப் பட்டை, முடிச்சு, கொக்கியின் பூட்டு என்று எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள்.

2. நம் இடுப்பில் கட்டிய கயிறு மேலே போய், அங்கிருந்து கீழே நிற்பவர் கைக்கு வருகிறது. அவரிடம் கயிற்றை இறுக்கும் கருவி இருக்கிறது. கை நழுவினாலும் நாம் தொங்குவோமே தவிர, கீழே போய் விழ மாட்டோம். இதை நம்ப ஒரே வழி, தரையிலிருந்து 3, 4 அடி உயரத்தில் கையை விட்டு, கயிற்றில் உட்கார்ந்து பார்ப்பதுதான்.

3. நடுக்கம் வந்தால் நில்லுங்கள். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். குதிகாலைச் சற்றுக் கீழே தாழ்த்துங்கள், கால் ஆட்டம் குறையும்.

4. உச்சியைப் பார்க்காதீர்கள். அடுத்த காலை எங்கே வைப்பது என்று மட்டும் பாருங்கள். பாரத்தைக் கையில் அல்ல, காலில் தாங்குங்கள். 2 கை, 2 கால் ஆகிய நான்கில் மூன்று எப்போதும் பாறையில் இருக்கட்டும்.

5. கீழே இருப்பவர்களில் ஒருவர் மட்டும் பேசுங்கள். "வலது காலுக்குப் பக்கத்துல ஒரு படி இருக்கு" என்று சொல்வது உதவி. சிரிப்பதும் அவசரப்படுத்துவதும் உபத்திரவம்.

6. "போதும், இறக்குங்க" என்றால் உடனே இறக்க வேண்டும். அதில் கேள்வியே கிடையாது.

எவரெஸ்ட் ஏறியவர்களுக்கும் பயம் உண்டு

உத்தரகாசி மாவட்டக் கிராமத்தில் பிறந்த பச்சேந்திரி பால், 1984 மே மாதம் எவரெஸ்ட் போகும் வழியில் பனிச்சரிவில் சிக்கினார். கூடாரத்தோடு புதைந்தவரைக் கூட இருந்தவர்கள்தான் தோண்டி எடுத்தார்கள். சிலர் திரும்பிவிட்டார்கள், அவர் தொடர்ந்தார். மே 23ஆம் தேதி உச்சியைத் தொட்ட முதல் இந்தியப் பெண் ஆனார். அதே மே 23ஆம் தேதி, 2023இல், விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். அவர் 2 பெண் குழந்தைகளின் தாய்.

அந்தச் சகோதரி என்ன ஆனார்?

மதியம் அவரே கேட்டு, பயிற்சியாளர் பக்கத்தில் நின்று இன்னொருவருக்குக் கயிறு பிடித்தார். கயிறு எப்படித் தாங்குகிறது என்பதைத் தன் கையாலேயே உணர்ந்தார். பிறகு, "இன்னொரு தடவ ஏறிப் பாக்குறேன்" என்றார். காலையில் நின்ற இடத்தைத் தாண்டி இரண்டு படி ஏறினார். "இன்னிக்கு இது போதும்" என்று தானே சொல்லி இறங்கினார். உச்சிக்குப் போகவில்லை, ஆனால் அழவும் இல்லை. நாம் கைதட்டியது அந்த இரண்டு படிக்குத்தான்.

முதல் முறை வங்கிப் படி ஏறிய நாளையும், கிராம சபையில் எழுந்து பேசிய நாளையும் நினைத்துப் பாருங்கள். அன்றைக்கும் நம் கால் நடுங்கியதுதானே?

ஒரு எச்சரிக்கை: பயிற்சியாளரும் சரியான கயிறும் இல்லாமல் எந்தப் பாறையிலும் ஏறாதீர்கள். அருவிப் பாறையில் விளையாட்டுக்குக்கூட வேண்டாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்: நம் குழுவில் யாராவது பயந்து நின்றபோது, நாம் கயிறு பிடித்தோமா, கூச்சல் போட்டோமா?