கொசு ஒழிப்பு யார் பொறுப்பு?



2017-ஆம் ஆண்டில் தமிழகத்தில் 23,000-க்கும் மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர். அரசுக் கணக்குப்படியே 65 உயிர்கள் பறிபோயின. அவ்வாறிருக்க, கொல்லிமலை அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலானாலும் வேறெந்த ஊரிலானாலும், "பேரூராட்சி வந்து புகைமருந்து அடிக்கட்டும்" என்று நாம் வாளாவிருப்பது முறையாகுமா?

சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் சாக்கடையில் பிறப்பதில்லை. நம் வீட்டுத் தொட்டியிலும், குடத்திலும், கொல்லைப்புறத்தில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டையிலும் தேங்கிய தெளிந்த நீரில்தான் அது பிறக்கிறது. புகைமருந்து பறக்கும் கொசுவைக் கொல்லுமேயன்றி, நீருக்குள் நெளியும் புழுவைத் தொடாது. பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிய முட்டைகளோ, நீர் வற்றினாலும் பல மாதங்கள் அழியாதிருக்கும். ஆகவே நீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. உட்புறத்தை நன்கு தேய்த்துக் கழுவவும் வேண்டும்.

அறிவியல் புதிய வழிகளையும் காட்டுகிறது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில், 'வோல்பாக்கியா' எனும் நுண்ணுயிரி புகுத்தப்பட்ட கொசுக்களைப் பெருகச் செய்தனர். அந்நுண்ணுயிரி கொசுவின் உடலில் டெங்குக் கிருமி வளராமல் தடுக்கிறது. அப்பகுதிகளில் டெங்கு 77 விழுக்காடு குறைந்ததாக 2021-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் புதுச்சேரி மையமும் இத்தகைய கொசுக்களை உருவாக்கியிருப்பதாக 2022-இல் அறிவித்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். யோக்யகர்த்தாவில் கொசு முட்டைகள் இடப்பட்ட வாளிகளைத் தம் வீட்டு வளாகத்தில் வைத்துக்கொள்ள மக்கள் மனமுவந்து இசைந்தனர். அந்த இசைவு இல்லையேல் ஆய்வுக்கூடத்தின் அறிவு வீதிக்கு வந்திராது.

முட்டை கொசுவாக ஏறத்தாழ எட்டு முதல் பத்து நாட்களாகும். நமக்கோ ஏழு நாட்களுக்கொருமுறை ஜும்ஆ வருகிறது. ஒவ்வொரு வெள்ளியன்றும் குளித்துத் தூய ஆடை அணியுமுன், வீட்டுத் தொட்டியையும் தேய்த்துக் கழுவிவிட்டால் கொசுவின் பிறவிச் சங்கிலி அறுபடும். பள்ளிவாசல் ஹவுளில் கம்பூசியா மீன்களை விட்டால் அவை புழுக்களைத் தின்றுவிடும். தொட்டிகளைச் சோதிக்க வரும் களப்பணியாளர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பாதீர்கள்.

ஒரு வீட்டின் அலட்சியத்தில் பிறந்த கொசு அடுத்த வீட்டுக் குழந்தையைக் கடிக்கிறது. அண்டை வீட்டாரின் உரிமையை அறிந்த நாம், இவ்வெள்ளியிலிருந்தே இப்பணியைத் தொடங்குவோமாக!