மட்டான வருவாயும் மருந்தில்லா மரக்கறியும்

நல்லுணவை விரும்பாத இல்லம் உலகில் இல்லை. அதன் விலையைக் கேட்டுப் பெருமூச்செறியாத இல்லத்தரசியும் அருமையே. கண்டி நகரின் பெரிய கடைகளில், இரசாயனப் பசளையும் பூச்சிமருந்தும் இன்றி விளைந்தன என்னும் முத்திரையோடு அரிசியும் பருப்பும் மரக்கறியும் அழகாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்து, விலைச்சீட்டைக் கண்டதும் மெல்ல இருந்த இடத்தில் வைத்துவிட்டுச் செல்வோரே பலர். மாதச் சம்பளக்காரரும் நாட்கூலி பெறுவோரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: சேதன உணவு என்பது செல்வர்க்கு மட்டுமே உரியதோ?

இக்கேள்விக்கு விடை காணுமுன், அந்த முத்திரை ஏன் விலையுயர்ந்தது என்பதை அறிதல் வேண்டும். ஒரு நிலம் இரசாயனத்தைக் கைவிட்ட மறுநாளே சேதன நிலம் ஆகிவிடுவதில்லை. ஐரோப்பிய விதிகளின்படி, ஓராண்டுப் பயிர்களுக்கு 2 ஆண்டுகளும், தேயிலை, மிளகு போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு 3 ஆண்டுகளும் காத்திருத்தல் வேண்டும். அக்காலத்தில் விளைச்சல் குறையலாம், விலையோ உயராது. அதன் பின்னரும் பரிசோதகர் வருகை, பதிவேடு, சான்றிதழ்க் கட்டணம் எனச் செலவுகள் தொடர்கின்றன. இலங்கையிற் சான்றிதழ் பெறும் பொருள்களுட் பெரும்பகுதி தேயிலை, தெங்குப் பொருள்கள், வாசனைத் திரவியங்கள் என்பனவாய்க் கடல் கடந்து செல்வனவே. ஆகவே, முத்திரைக்கு நாம் கொடுக்கும் பணம் பொருளின் தூய்மைக்கு மட்டுமன்று, அதற்குரிய சாட்சிக்கும் கொடுக்கும் பணமாகும். வாங்குவோனும் விளைவிப்போனும் ஒருவரையொருவர் அறியாதவிடத்து இச்சாட்சி இன்றியமையாதது. அறிந்தவிடத்து அதன் தேவை பெரிதும் குறைந்துவிடுகிறது.

அறிஞர் கூறுவது யாது?

சேதன உணவைப் பற்றி மிகைபடக் கூறுவோரும் உளர். அறவே இகழ்வோரும் உளர். 2012 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர், அதுவரை வெளிவந்த பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். சேதன உணவிற்கும் சாதாரண உணவிற்கும் இடையே உயிர்ச்சத்துக்களிற் பெரிய வேற்றுமை அவர்க்குப் புலப்படவில்லை. ஆயின் பூச்சிமருந்தின் எச்சம் சேதன உணவிற் குறைவாகவே இருந்தது. 2014 ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றொரு தொகுப்பாய்வு, சேதனப் பயிர்களில் உடலைக் காக்கும் சில பொருள்கள் மிகுதியென்றும், கட்மியம் என்னும் தீய உலோகம் குறைவென்றும் கூறிற்று. எவ்வாறாயினும், மருந்தின் தீங்கை முதலில் ஏற்பவன் உண்பவனல்லன். முதுகில் தாங்கியைச் சுமந்து அதனைத் தெளிக்கும் உழவனே என்பதை நாம் மறத்தலாகாது.

இவற்றிலிருந்து குடும்பத் தலைவியும் தலைவனும் கொள்ளத்தக்க முதல் விதி இதுவாகும்: மருந்துக்கு அஞ்சி மரக்கறியைக் குறைத்தல் கூடாது. நாளொன்றுக்கு ஒருவர் 400 கிராம் அளவுக்கேனும் மரக்கறியும் பழமும் உண்ணவேண்டுமென உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கின்றது. இரு மடங்கு விலையுள்ள முத்திரைப் பொருளை வாங்குவதற்காக அளவைப் பாதியாக்கும் குடும்பம், இருக்கக்கூடிய ஒரு சிறு தீங்கைத் தவிர்க்கப் போய், உறுதியான ஒரு பெருங்குறையை வீட்டுக்குள் அழைத்துக்கொள்கிறது. வளரும் பிள்ளைகள் உள்ள இல்லத்தில் இஃது ஆபத்தான சிக்கனம்.

வருவாய் குறையக் குறைய, அதில் உணவுக்குச் செல்லும் பங்கு கூடுமென ஜேர்மானிய அறிஞர் ஏர்ன்ஸ்ட் எங்கெல் 1857 இல் எடுத்துக்காட்டினார். எளிய குடும்பத்தில் உணவுச் செலவின் ஒவ்வொரு ரூபாயும் மருந்துச் செலவோடும் பாடநூற் செலவோடும் போட்டியிடுகின்றது. விரலுக்குத் தகுந்த வீக்கமே பொருந்தும். எனவே எல்லாவற்றையும் சேதனமாக வாங்க முயலாது, எதனை வாங்குவது, எதனை வளர்ப்பது, எதனைக் குறைத்துக்கொள்வது எனப் பகுத்தறிதலே அறிவுடைமை.

முத்திரையில்லாச் சேதன உணவு

இவ்விடயத்தில் கண்டி மாநிலம் கொடுத்துவைத்த மண். கண்டி வீட்டுத் தோட்டங்கள் என உலகப் பயிரியல் அறிஞர் போற்றும் தோட்டங்கள் இங்குள்ளன. உயரத்தே தென்னையும் கமுகும் பலாவும், அவற்றின் நிழலிற் கராம்பும் சாதிக்காயும் கோப்பியும், மரத்தைப் பற்றி ஏறும் மிளகும், கீழே வாழையும் கிழங்கும் இஞ்சியுமாக, சிறு காடு போன்று அவை காட்சியளிக்கும். உதிரும் இலையே அங்குப் பசளை. பலவகைப் பயிர் கலந்து நிற்பதே பூச்சிக்குத் தடை.

இத்தோட்டங்களின் அரசி பலாவே. 17 ஆம் நூற்றாண்டிற் கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டு, 1660 முதல் 1679 வரை இங்கு வாழ்ந்த ஆங்கிலேயராகிய றொபேட் நொக்ஸ், 1681 இல் இலண்டனில் வெளியிட்ட நூலில், பலா இந்நாட்டு மக்களின் உணவிற் பெரும்பங்காக இருந்ததை எழுதிவைத்தார். சிங்கள மக்கள் இதனைச் சோற்று மரம் என்றே அழைப்பர். 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம், அனுமதியின்றிப் பலாவையும் ஈரப்பலாவையும் வெட்டுதலைத் தடுக்கின்றது. பஞ்சத்திற் கைகொடுத்த மரத்தைச் சட்டமே காத்து நிற்கின்றது.

பலாவுக்கு மருந்தடிப்பாரைக் காண்பது அரிது. ஈரப்பலா, முருங்கை, அகத்தி, வாழைப்பூ, வாழைத்தண்டு, சேம்பு, மரவள்ளி, பப்பாசிக்காய் என்பனவும் வீட்டுத் தோட்டங்களில் இவ்வாறே பெரும்பாலும் மருந்தின்றி விளைவன. எந்த முத்திரையும் இல்லாமல், எந்த மேலதிக விலையும் இல்லாமல், சந்தையோரத்திற் கிராமத்துப் பெண்கள் பரப்பிவைத்திருக்கும் சாக்கின்மேல் அவை கிடைக்கின்றன. முற்றாத பலாப்பிஞ்சு கறிக்கு, முற்றிய காய் அவித்துத் தேங்காய்ப்பூச் சம்பலோடு உண்ண, பழம் பிள்ளைகளுக்கு, கொட்டையோ பருப்புக்கு ஈடான கறி. கொட்டையை மணலிற் புதைத்துப் பல மாதம் காத்துவைக்கும் முறையைப் பாட்டிமார் அறிவர். மரவள்ளியை மட்டும் தோல் நீக்கி, மூடாத பாத்திரத்தில் நன்கு அவித்து, நீரை வடித்தல் வேண்டும். கசப்பதை விலக்குதல் வேண்டும்.

வெள்ளிக்கிழமையும் விரத நாள்களும் மரக்கறியே சமைக்கும் எமது இல்லங்களில், போஞ்சி, கரட், கோவா, லீக்ஸ், உருளைக்கிழங்கு என மலைநாட்டு மரக்கறிகளையே நாடுதல் வழக்கமாகிவிட்டது. குளிர்ப்பகுதிகளில் ஒரே பயிரை நெருக்கமாய் நாட்டுவதால் நோயும் பூச்சியும் மிகுந்து, மருந்தும் மிகுகின்றது. வாரத்தில் இரண்டு மூன்று நாள்களுக்கு அவற்றின் இடத்திற் பலாவையும் வாழைப்பூவையும் அமர்த்தினால், செலவும் குறையும், நஞ்சும் குறையும்.

வளர்க்கத்தக்கது கீரையே

இங்கே ஓர் எச்சரிக்கை. கீரை என்றாலே தூயது என எண்ணிவிடுதல் கூடாது. சந்தைக்கெனப் பாத்தி கட்டி வளர்க்கும் பொன்னாங்காணிக்கும் வல்லாரைக்கும் பசளையும் உண்டு, மருந்தும் உண்டு. இலையை முழுமையாக உண்பதாலும், வல்லாரையைப் பச்சையாகவே சம்பலாக்குவதாலும், வீட்டில் ஒன்றையேனும் வளர்க்க இடமுள்ளோர் முதலில் வளர்க்கவேண்டியது இவற்றையே. ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், ஆண்டில் இரு பருவ மழை காணும் கண்டியில் இவை எளிதில் தழைக்கும். உடைந்த வாளி, பழைய தகரம், அரிசிப் பை ஆகிய யாவும் போதும். பொன்னாங்காணியின் தண்டை முறித்து நட்டால் வேர்விடும். வல்லாரை ஈரமுள்ள அரைநிழலிற் படரும். கொய்யக் கொய்ய அவை மீண்டும் துளிர்ப்பதால், ஒருமுறை நட்டவர் பல மாதம் பயன் பெறுவர்.

பசளைக்கோ காசு வேண்டியதில்லை. பிரித்தானிய விஞ்ஞானி அல்பேர்ட் ஹோவாட் இந்தியாவின் இந்தூரில் 1924 முதல் 1931 வரை பணியாற்றி, இந்திய உழவரிடம் கற்றதையும் தம் ஆய்வையும் இணைத்து வகுத்த கூட்டெரு முறை இன்றும் உலகெங்கும் பயில்கின்றது. இலைதழை, சாணம், சாம்பல் கலந்த மண் என அடுக்கடுக்காய் இட்டு, ஈரம் காத்து, இடையிடையே புரட்டினால் மூன்று மாதமளவில் நல்லெரு ஆகும். சமையலறைக் கழிவையும் அதற்குள் இடலாம். தமிழகத்தில் இவ்வழியை ஊரூராய்ச் சென்று பரப்பிய நம்மாழ்வார், 2013 ஆம் ஆண்டில் மறையும்வரை அதனையே வாழ்வாகக் கொண்டிருந்தார்.

ஒரே நாளில் ஆகாதது

இவ்வளவு நன்மையுடைய வழியாயின் நாடு முழுவதும் ஒரே நாளில் மாறலாகாதா என மாணவர் கேட்பர். அதற்கு 2021 ஆம் ஆண்டு விடை கூறும். அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது; நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் உழவர் பட்ட பாட்டை இந்நாடு அறியும். கணக்கு எளியது. யூரியாவில் 46 சத வீதம் நைதரசன் உண்டு. கூட்டெருவில் 1 முதல் 2 சத வீதமே. 50 கிலோ யூரியாவில் உள்ள 23 கிலோ நைதரசனைப் பெற, நல்ல கூட்டெரு ஆயினும் 1,150 கிலோ வேண்டும். வாளிக்கு எருவைச் சேர்ப்பது எளிது. ஏக்கருக்குச் சேர்க்கக் காலமும் கால்நடையும் உழைப்பும் வேண்டும். அவற்றைத் தராது ஆணையை மட்டும் தந்தமையே பிழை. சேதன முறை அங்குத் தோற்றதென்பது முறையன்று.

அதன் பின் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. 2022 ஆம் ஆண்டின் நெல் விளைச்சல் முந்திய ஆண்டினும் 42 சத வீதம் வீழ்ந்ததென்றும், 63 இலட்சம் மக்கள் போதிய உணவின்றி வாடுகின்றனரென்றும் ஐக்கிய நாடுகளின் உணவு நிறுவனங்கள் கணித்தன. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பொருள் விலையேற்றம் 94.9 சத வீதத்தை எட்டிற்று. அரச ஊழியர் வீட்டில் உணவு பயிரிடுவதற்கென்றே வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க 2022 ஜூனில் அமைச்சரவை இணங்கியது. அந்நாள்களிற் பல இல்லங்களின் பசி தணித்தது பலாவும் மரவள்ளியுமே.

காணியில்லார் நிலை

ஆயின், வீட்டுத் தோட்டம் செய்க எனச் சொல்லுதல் எளிது. வீடும் தோட்டமும் யாருடையவை? 1867 இல் இதே கண்டி மாவட்டத்து லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட காலந்தொட்டு, அம்மலைகளைப் பச்சையாக்கியோரின் வழிவந்தோரிற் பலர் இன்றும் லயன் அறைகளிலே வாழ்கின்றனர். அவர்களுக்கு வீட்டோடு 7 பேர்ச் காணி என்னும் திட்டம் வகுக்கப்பட்டது. பெற்றோரும் உளர், காத்திருப்போரும் மிகப் பலர். ஓர் ஏக்கர் 160 பேர்ச் என்பதை நினைவிற் கொண்டால், அந்த ஏழின் சிறுமையும், அதுவுமில்லாமையின் கொடுமையும் விளங்கும். இருந்தும் லயன் ஓரத்து ஒட்டு நிலத்திற் கீரையும் அவரையும் வளர்த்து, பசுவும் பேணி, அதன் சாணத்தையே எருவாக்கும் குடும்பங்கள் பல. எவரும் கற்பிக்காமலே சேதன வேளாண்மை செய்வோர் அவர்கள். அவர்க்கு வேண்டியது அறிவுரையன்று, உரித்துள்ள நிலமே.

நகரில் வாடகை அறையில் வாழ்வோர்க்கும் வழி உண்டு. அயலிலுள்ள நான்கைந்து குடும்பங்கள் கூடி, நம்பத்தகுந்த ஒரு கிராமத்துத் தோட்டக்காரரிடம் வாரந்தோறும் மொத்தமாகக் கொள்வனவு செய்யலாம். இடைத்தரகு நீங்குவதால் அவருக்கும் நியாயமான விலை கிடைக்கும். மருந்தடித்தாரா என நேரிலே கேட்டறியவும் முடியும். மருந்தடித்த நாளுக்கும் பறிக்கும் நாளுக்கும் இடையே விடவேண்டிய நாள்கள் மருந்துச் சீட்டிலே குறிக்கப்பட்டுள்ளன. அவற்றை விட்டாரா எனக் கேட்பதும் வாங்குவோர் உரிமையே. சந்தையில் வாங்கியதை ஓடும் நீரிற் கழுவி, கோவாவின் வெளியிலைகளை நீக்கி, கிழங்கின் தோலைச் சீவினால் மேற்பரப்பிலுள்ள எச்சம் பெரிதும் குறையும். ஆயின், செடி உறிஞ்சி உள்ளே ஏற்றிய மருந்து கழுவுதலால் நீங்காது.

பேராதனையைத் தலைமையிடமாகக் கொண்ட விவசாயத் திணைக்களம் 1912 இல் தொடங்கியது. அதன் கன்னொறுவ ஆய்வு நிலையம் நகரிலிருந்து சில கல் தொலைவிலேயே உள்ளது. பள்ளி மாணவர் அங்குச் சென்று கற்று, பாடசாலை மூலையில் ஒரு முருங்கைத் தடியும் ஒரு பாத்தி வல்லாரையும் நாட்டினால், அஃது எந்தப் பாடநூலும் தராத கல்வியாகும்.

சேதன உணவு செல்வர்க்கு மட்டும் உரியதன்று. அதன் முத்திரை வேண்டுமாயின் அவர்க்கு உரியதாகட்டும். அதன் உட்பொருள் பலாமரத்தின் அடியிலும், பழைய வாளியிலும், அறிந்தவர் தோட்டத்திலும் எளியோர்க்காகக் காத்திருக்கின்றது. அதனை எட்டவொட்டாது தடுப்பது விலையினும் நிலமின்மையே எனில், அக்குறையை நீக்கும் பொறுப்பு இல்லத்தரசியின் பணப்பைக்கு உரியதன்று, நாட்டுக்கு உரியது.