தொடர்பு அறாமல் காத்தல் – ஜவ்வாது மலையை முன்வைத்து ஒரு கணிப்பொறிப் பாடம்

ஸலாம் உரைப்பது சுன்னத். அதற்கு மறுமொழி உரைப்பது வாஜிப் என்று சிறுவயதிலேயே நாம் கற்றிருக்கிறோம். மறுமொழி கிடைத்த பின்னரே பேச்சு தொடங்குகிறது. இரு கணிப்பொறிகள் தம்முள் உரையாடுவதற்கும் ஏறத்தாழ இதே முறைமைதான் வகுக்கப்பட்டுள்ளது. ஆயினும், பேச்சைத் தொடங்குவதைவிடத் தொடங்கிய தொடர்பை அறாமல் காப்பதே அரிது. ஜாவா மொழியில் நிரல் எழுதப் பழகும் மாணவர் பலரும் இடறும் இடம் இதுவே. அதனை நம் அண்டையிலுள்ள ஜவ்வாது மலையை முன்வைத்து விளக்க முற்படுகிறோம்.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகச் சென்றால் காவலூரை அடையலாம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்திலுள்ள இவ்விடத்தில், அறிஞர் வைணு பாப்பு அவர்களின் முயற்சியால் 1968ஆம் ஆண்டு 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றைக் கொண்டு விண்ணாய்வு தொடங்கியது. அவர் 1982இல் மறைந்தார். அவர் திட்டமிட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி அவர்களால் தொடங்கி வைக்கப்பெற்று, வைணு பாப்புவின் பெயரையே தாங்கி நிற்கிறது.

அந்நாளில் விண்ணை ஆய்வோர் மலைக்கே வந்து, கருவியின் அருகில் விழித்திருக்க வேண்டியிருந்தது. காவலூரை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனமே, லடாக்கின் ஹான்லே என்னுமிடத்தில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் தொலைநோக்கி ஒன்றை நிறுவி 2001இல் தொடங்கியபோது, வேறொரு முறையை மேற்கொண்டது. பெங்களூரை அடுத்த ஹொசக்கோட்டையில் அமர்ந்தவாறே, செயற்கைக்கோள் இணைப்பின் வழியாக அதனை இயக்கலாயினர். கருவி இமயத்தில், கண் தென்னகத்தில். இடையே இருப்பது தொடர்பு ஒன்றே.

இனி ஒரு கற்பனை: மலைமேலுள்ள சிறு தொலைநோக்கிக் கூடம் ஒன்றினை நம் வகுப்பறையிலிருந்து இயக்க, மாணவர் ஒருவர் ஜாவாவில் நிரல் எழுதுகிறார் எனக் கொள்வோம். மலைமேலுள்ள கணிப்பொறி சர்வர், வகுப்பறையிலுள்ளது கிளையண்ட். சர்வர் நிரல் 'சர்வர் சாக்கெட்' என்னும் வாயிலைத் திறந்து, 'ஆக்செப்ட்' என்னும் கட்டளையோடு காத்திருக்கிறது. கிளையண்ட் அழைக்கிறது, சர்வர் விடையளிக்கிறது, விடை கிடைத்தது என்று கிளையண்ட் உறுதி கூறுகிறது. டி.சி.பி. நெறியின் இம்மூன்று செய்திகளும் முடிந்ததும் இருபுறத்தும் ஒவ்வொரு சாக்கெட் நிலைபெறுகிறது.

இங்கே மாணவர் செய்யும் முதற்பிழை, ஒரு வினாவுக்கு விடை வந்ததுமே வாசிப்புக் குழாயை மூடிவிடுவது. ஜாவாவில் அக்குழாயை மூடினால் சாக்கெட்டும் உடன் மூடப்படும். அடுத்த கட்டளைக்கு மீண்டும் முதலிலிருந்து அழைக்க வேண்டும். ஆதலின், உரையாடல் முழுவதும் முடியும்வரை குழாய்களைத் திறந்தே வைத்து, வாசிக்கும் பணியை ஒரு மடக்கினுள் அமைத்தல் வேண்டும். பல கிளையண்டுகள் வரும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இழை அமைப்பது எளிய வழியாகும்.

இரண்டாவது பிழை நுட்பமானது. தொடர்பு என்பது இரு முனைகளும் தத்தம் நினைவில் வைத்திருக்கும் ஒரு குறிப்பேயாகும். இடையில் எதுவும் ஓடிக்கொண்டிருக்க வேண்டுவதில்லை. எதிர்முனை முறையாக விடைபெற்றால், வாசிக்கும் கட்டளை கழித்தல் ஒன்று என்னும் எண்ணைத் தந்து அறிவித்துவிடும். ஆனால், மலையில் மின்சாரம் நின்றுபோனால் விடைபெற யார் இருக்கிறார்? வகுப்பறைக் கணிப்பொறி ஏதுமறியாது காத்திருக்கும். 'இஸ் கனெக்டெட்' என்று வினவினாலோ, 'ஆம்' என்றே விடை வரும். அது ஒருமுறை இணைந்ததைக் கூறுமேயன்றி, இப்போது இணைந்திருப்பதைக் கூறாது. செய்தியை எழுதும் கட்டளை வெற்றி பெற்றதும் சான்றாகாது. செய்தி நம் கணிப்பொறியின் தேக்கத்தை அடைந்தது என்பதே அதன் பொருள்.

'செட் கீப் அலைவ்' என்னும் வசதி ஜாவாவில் உண்டே எனலாம். உண்டு. ஆயினும் லினக்ஸ் அமைப்பின் இயல்பான ஏற்பாட்டின்படி, 7,200 நொடிகள், அதாவது 2 மணி நேரம், மௌனம் நிலவிய பிறகே முதல் சோதனைச் செய்தி புறப்படும். பின்னர் 75 நொடிக்கு ஒன்றாக 9 முறை முயன்றே தொடர்பு அற்றதென முடிவு செய்யும். இரவில் திடீரென மழை வந்தால், திறந்த குவிமாடத்தின் கீழுள்ள கண்ணாடி 2 மணி நேரம் பொறுத்திருக்குமா?

ஆகவே, நிரலே தன் நாடித்துடிப்பை அமைத்துக்கொள்ள வேண்டும். கிளையண்ட் 10 நொடிக்கு ஒருமுறை 'இருக்கிறாயா?' என்னும் சிறு செய்தியை அனுப்புவதாகவும், சர்வர் உடனே 'இருக்கிறேன்' என விடையளிப்பதாகவும் கொள்வோம். 'செட் எஸ்.ஓ. டைம்அவுட்' என்னும் கட்டளையால் வாசிப்புக்கு 30 நொடி எல்லை விதிக்கலாம். அதற்குள் எதுவும் வாராவிடில் பழைய சாக்கெட்டை மூடிவிட்டு, சற்று இடைவெளி விட்டு, புதிதாக அழைக்க வேண்டும். அழைப்பு தவறுந்தோறும் இடைவெளியை நீட்டுவது நலம். ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் எண் இடுதல் வேண்டும். இல்லையேல், மறு அழைப்பின்போது ஒரே கட்டளை இருமுறை நிறைவேறக்கூடும்.

இவை யாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. மலைமேலுள்ள சர்வரும் அதே 30 நொடிக் கணக்கை வைத்திருக்க வேண்டும். கீழிருந்து துடிப்பு வாராதபோது, எவருடைய ஆணையையும் எதிர்பாராது குவிமாடத்தைத் தானே மூடிவிட வேண்டும். தொடர்பைக் காக்க முயல்வதோடு, அது அறுந்தபோது தீங்கு நேராமல் காப்பதும் நிரல் எழுதுவோரின் கடமையாகும்.

உறவினரைத் தேடிச் சென்று நலம் கேட்பதை நம் மார்க்கம் வலியுறுத்துகிறது. பெரிய செய்தி ஏதும் இல்லாதபோதும் நலம் கேட்கிறோம். மௌனத்தை உறவென்று எண்ணியிருந்து, பின்னர் வருந்தாதிருக்கவே அவ்வழக்கம். கணிப்பொறிக்கும் அதனையே கற்பிக்கிறோம். மாணவச் செல்வங்கள் தம் அடுத்த நிரலை இயக்கும்போது, இணைப்பு வடத்தை ஒருமுறை தாமே பிடுங்கிப் பார்ப்பார்களாக. எத்தனை நொடியில் இரு முனைகளும் அதனை உணர்கின்றன என்பதே அந்நிரலின் தரத்திற்கு உரைகல்லாகும்.