"இன்னும் தெரியவில்லை" என்னும் சொல்

நம் ஆரம்பாக்கத்தின் வழியே செல்லும் நெடுஞ்சாலையும் இருப்புப் பாதையும் சென்னையையும் கல்கத்தாவையும் இணைப்பன என்பதை யாவரும் அறிவோம். 1992-ஆம் ஆண்டின் இறுதியில் இவ்விரு நகரங்களின் மருத்துவர்களையும் ஒரே கேள்வி வாட்டியது. புதிய நோய் எதிர்ப்படும்போது மனிதர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை அவ்வரலாறு காட்டுவதால், நம் அங்கத்தினர்கள் அதை அறிந்திருத்தல் நன்று.

அவ்வாண்டு அக்டோபர் மாதம் சென்னையில் பலர் வாந்திபேதியால் பீடிக்கப்பட்டனர். அரிசி கழுநீர் போன்ற பேதி, நாவறட்சி, சில மணி நேரத்தில் உடல் ஒடுங்குதல் ஆகிய குறிகள் யாவும் காலராவினுடையவையே. ஆனால் ஆராய்ச்சிக்கூடம் வேறு விடை தந்தது. காலராக் கிருமியை அதற்குரிய சீரத்துடன் கலந்தால் கிருமிகள் ஒன்றுகூடித் திரளும். அதுவே அதன் அடையாளம். இக்கிருமியோ திரளவில்லை. 'ஓ 1' என்னும் பிரிவு ஒன்றே காலராவைக் கொள்ளைநோயாகப் பரப்பும் என்று அதுவரை எண்ணியிருந்தனர். அறியப்பட்டிருந்த 138 பிரிவுகளில் எதனோடும் பொருந்தாத இப்புதிய கிருமி 139 என்னும் எண்ணைப் பெற்றது.

விரைவில் கல்கத்தாவிலும், அடுத்து வங்காள தேசத்திலும் அந்நோய் தோன்றியது. முன்னர்க் காலரா கண்டவர்க்கு இருந்த எதிர்ப்புச் சக்தி இதனிடம் பயன்படவில்லை. ஆகவே வயது வந்தோரையும் அது பெருவாரியாகப் பற்றியது. 1961-இல் தொடங்கிய ஏழாவது உலகக் காலராவுக்குப் பின் எட்டாவதும் வந்துவிட்டதோ என்று அறிஞர் அஞ்சினர். அச்சத்திற்குக் காரணம் இருந்தது. ஆயினும் நிச்சயம் இல்லை. காலமே அதற்கு விடை கூற வேண்டியிருந்தது.

விடையும் வந்தது. 1994-இல் பழைய பிரிவே மீண்டும் மேலோங்கியது. புதியது படிப்படியாகக் குன்றி, இன்று அரிதாகிவிட்டது. அது முற்றிலும் புதிய கிருமி அன்று, பழைய எல்டார் காலராக் கிருமியே தன் மேலுறையை மாற்றிக்கொண்டு வந்தது என்பதும் ஆராய்ச்சியில் புலப்பட்டது.

விடை வரும்வரை மருத்துவர்கள் கை கட்டி இருந்தனரா? இல்லை. காலராவில் உயிரைப் போக்குவது உடலினின்று நீரும் உப்பும் வெளியேறுதலே. 1971-இல் வங்கப் போரின்போது, பனகாவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பருகச் செய்து எண்ணற்ற உயிர்களைக் காத்தார். சர்க்கரை உடன் இருந்தால் குடல் உப்பையும் நீரையும் ஈர்த்துக்கொள்ளும். கிருமியின் எண் 1 ஆயினும் 139 ஆயினும் இம்முறை பலிக்கும். நீரைக் காய்ச்சிக் குடித்தலும் அவ்வாறே இரண்டையும் தடுக்கும். தெரியாதது தெரியும்வரை, தெரிந்ததைத் தவறாமல் செய்தனர். பொறுமை என்பது இதுவே.

புதுச் சாயம் நிற்குமா என்பதைத் துவைத்துப் பார்க்காமல் நாம் சொல்வதில்லை. புது விதையின் தரத்தை அறுவடைக்கு முன் முடிவு செய்வதில்லை. அதற்காகத் தறியை நிறுத்துவதோ, பயிருக்கு நீர் பாய்ச்சாமல் இருப்பதோ இல்லை. ஆயினும் நோய் விஷயத்தில் மட்டும் முதல் நாளே முடிவு கேட்கிறோம். நோயற்றவர்க்கு முகக்கவசம் தேவையில்லை என்று முதலில் கூறிய உலக சுகாதார ஸ்தாபனம், நெரிசலான இடங்களில் துணிக்கவசம் அணியுமாறு 2020 ஜூனில் சொன்னபோது நம்மில் பலர் சினந்தோம். புதிய சான்று கண்டு சொல்லை மாற்றுவது நேர்மையே அன்றிப் பொய்ம்மை ஆகாது. முதல் நாளிலேயே எல்லாம் அறிந்தவர்போல் மருந்து விற்பவரிடந்தான் நாம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

அங்கத்தினர் இல்லம் ஒவ்வொன்றிலும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருக்கட்டும். அது கிடையாவிடில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, சிறிது சிறிதாகப் பருகக் கொடுக்கலாம். பேதி மிகுந்தால் சிறிதும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. அடுத்த புதிய நோய் எது, எப்போது வரும் என்பதை எவரும் அறியார். ஆனால் அன்று "இன்னும் தெரியவில்லை" என்று ஒரு மருத்துவர் சொல்வாராயின், அவரை நம்பலாம் என்பதை மட்டும் நினைவில் கொள்வோமாக.