ஒற்றைச் சரியும் இரட்டைச் சரியும்

வன்னியில் இன்று அலுவலகச் செய்திகளும் பாடசாலைச் செய்திகளும் வாட்ஸ்அப் குழுக்களிலேயே பெரிதும் உலாவுகின்றன. 'அனுப்பிவிட்டேன்' என்கிறார் மேலதிகாரி. 'வரவில்லை' என்கிறார் எழுதுவினைஞர். இருவர் சொல்வதும் மெய்யாயிருக்கலாம்.

செய்தியின் கீழ் ஒற்றைச் சரி அடையாளம் விழுந்தால், அது நம் கைபேசியைவிட்டுப் புறப்பட்டதென்பதே பொருள். இரண்டு விழுந்தால் உரியவர் கைபேசியை அடைந்துவிட்டது. குழுவிலோ கணக்கு வேறு. ஒருவரது கைபேசி அணைந்திருந்தாலும் இரண்டாவது சரி விழாது. செய்தியை அழுத்திப் பிடித்து விபரத்தைத் திறந்தால், எவரெவருக்குச் சேர்ந்ததெனப் பெயருடன் காணலாம். அதைப் பாராமல் எழுதுவினைஞர்மீது பழி சுமத்துவது நியாயமன்று.

சிலருக்குச் செயலியைத் திறந்தால் மாத்திரமே செய்திகள் மொத்தமாக வந்து விழும். மின்கலச் சேமிப்பு முறை அதனை உறங்கவைத்திருக்கும். அம்முறையிலிருந்து செயலிக்கு விலக்களித்தல் வேண்டும். கைபேசியில் திகதி பிழைத்திருந்தாலும் இணைப்புக் கிட்டாது.

2021 ஒக்டோபர் 4ஆந் திகதி உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் வாட்ஸ்அப்பே முடங்கிற்று. அவ்வேளை நமது வைத்தியம் எதுவும் பலியாது. அதுவரை பொறுக்கவியலாச் செய்திகளும் உள அன்றோ! 2018 டிசெம்பர் வெள்ளத்தைக் கண்ட கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் இதனை அறிவர். இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறக்கப்படுகிறதெனில், இரண்டாவது சரிக்குக் காத்திராமல் தொலைபேசியில் அழைத்தே சொல்லிவிடுக.