எப்படி இயங்குகிறது? உயரமானி சொல்வதை எதை வைத்து நம்புவது

கல்யாண வீட்டில் ஜாங்கிரி தின்ற வாயோடு காபி குடித்தால் சர்க்கரையே போடாததுபோல இருக்கும். சர்க்கரை போதுமா என்று இரண்டு பேரைக் குடித்துப் பார்க்கச் சொல்கிறோம். இருவருமே ஜாங்கிரி தின்றவர்கள் என்றால், இருவரும் "போதாது" என்றுதான் சொல்வார்கள். சொல் ஒத்துப்போகிறது, ஆனாலும் தப்பு. பறக்கும் விமானத்தின் உயரத்தைச் சரிபார்ப்பதில் உள்ள சிக்கலும் இதுவே.

உயரமானி உயரத்தை அளப்பதில்லை, காற்றழுத்தத்தை அளக்கிறது. விமானத்தின் விலாவில் சிறு துளைகள் உண்டு. விமானிகள் ஸ்டாட்டிக் போர்ட் என்பார்கள். வெளிக்காற்றின் அழுத்தம் அவற்றின் வழியே உள்ளே வருகிறது. மேலே போகப் போக அது குறையும். அந்தக் குறைவைத்தான் கருவி அடிக்கணக்கில் காட்டுகிறது. கடல்மட்டத்தில் ஒரு மில்லிபார் பிசகினால் 27 அடிதான் தப்பும். 35,000 அடியில் அதே பிசகு 90 அடியை நெருங்கிவிடும். துளையைச் சுற்றியுள்ள தகடு லேசாக நெளிந்திருந்தாலே அந்த உயரத்தில் கணக்கு கெடும்.

29,000 அடிக்கும் 41,000 அடிக்கும் இடையே விமானங்கள் முன்பு ஒன்றின் மேல் ஒன்றாக 2,000 அடி இடைவெளியில் பறந்தன. அது 1,000 அடியாகக் குறைந்தது: வட அட்லாண்டிக்கில் 1997இல், இந்திய வானில் 2003 நவம்பரில். அதற்கு ஈடாகக் கண்டிப்பும் கூடியது. ஒன்றையொன்று சாராத இரண்டு உயரமானிகள் வேண்டும். மணிக்கு ஒரு முறையாவது இரண்டையும் ஒப்பிட வேண்டும். வித்தியாசம் 200 அடியைத் தாண்டக் கூடாது. ஒன்று மட்டும் கெட்டால் இது காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டும் சேர்ந்து கெட்டால்? 1996 அக்டோபர் 2, நள்ளிரவு தாண்டிய நேரம், லிமாவிலிருந்து சாந்தியாகோவுக்குக் கிளம்பியது ஏரோபெரு 603 விமானம். விமானத்தைச் சுத்தம் செய்தபோது இடப்பக்கத் துளைகளின் மேல் ஒட்டிய டேப்பை எடுக்காமலே விட்டிருந்தார்கள். விமானி, துணை விமானி இருவரின் மானிகளும் பொய் சொல்லின. கடல் மேல் இருட்டு. உயரம் எவ்வளவு என்று தரைக் கட்டுப்பாட்டாளரிடம் கேட்டார்கள். 9,700 அடி என்று பதில் வந்தது. அந்த எண்ணோ, அதே விமானத்தின் மானி காட்டியதை டிரான்ஸ்பாண்டர் என்ற கருவி தரைக்கு அனுப்பியது! நாம் தொலைபேசியில் "சர்க்கரை போதாது" என்று சொன்னதையே மறுமுனையில் இருப்பவர் நமக்குத் திருப்பிச் சொன்னதுபோல. விமானம் கடலில் மோதியது. எழுபது பேரும் இறந்தார்கள். மூன்றாமவரிடம் கேட்பது நல்ல பழக்கம்தான். கேட்கப்படுபவர் எதைப் பார்த்துச் சொல்கிறார் என்று தெரியாவிட்டால் அது உதவாது.

ஜாங்கிரி தின்னாத ஒரு வாய் அந்த விமானத்திலேயே இருந்தது. ரேடியோ உயரமானி காற்றை நம்பாது. கீழே அலையை அனுப்பி, அது திரும்ப எடுக்கும் நேரத்தைக் கணக்கிடும். அதைக் கொண்டு இயங்கும் எச்சரிக்கை அன்று திரும்பத் திரும்பக் கத்தியது. ஆனால் அத்தனை முரண்பட்ட எச்சரிக்கைகளுக்கு நடுவே எது மெய் என்று எப்படிப் பிரிப்பது?

ரேடியோ உயரமானி சுமார் 2,500 அடி வரைதான் பார்க்கும். அதற்கு மேலே சாட்சி தரையில் இருக்கிறது. ஆஸ்திரியாவின் லின்ஸ் போன்ற இடங்களில் தள்ளித் தள்ளி ஆன்டெனாக்களை நட்டிருக்கிறார்கள். விமானத்தின் சமிக்ஞை ஒவ்வொன்றுக்கும் எப்போது வந்து சேர்கிறது என்பதிலிருந்து அதன் உண்மையான உயரம் கிடைக்கும். விமானம் பறப்பதாகச் சொல்லும் அழுத்த மட்டம் அன்று எந்த உயரத்தில் இருந்தது என்பதை வானிலைத் தரவு சொல்லும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால், இரண்டு மானிகளும் சேர்ந்து மறைத்த பிழைகூட வெளிவரும். உயரமானிப் பிழைக்கு அனுமதி 245 அடி. சோதனை நடப்பது விமானிக்குத் தெரியாது. வரம்பு மீறினால் விமான நிறுவனத்துக்குத் தகவல் போகும்.

இன்று விமானி அறையிலேயே ஜிபிஎஸ் உயரமும் தெரிகிறது. காற்றின் வெப்பநிலையைப் பொறுத்து அது அழுத்த உயரத்திலிருந்து ஆயிரம் அடிக்கு மேலும் விலகும். 200 அடிப் பிசகைப் பிடிக்க அது உதவாது. ஆனால் மானி 9,700 என்று காட்டும்போது விமானம் கடலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று சொல்ல, ஆயிரம் அடி பிசகிய சாட்சியும் போதும்.