தூக்கிலேறியோர் மரபுவழி காணல்

சின்னமனூரில் கிடைத்த பெரிய செப்பேடுகள் பாண்டியர் வழிமுறையை வகுத்துரைப்பன என்பதைத் தமிழாராய்வார் அறிவர். புராண முன்னோரில் தொடங்கி, கி.பி. 10-ஆம் நூற்றாண்டினனாகிய இரண்டாம் இராசசிம்மன் வரை அவ்வழிமுறை தொடர்கின்றது. கோலோச்சிய வேந்தன் தன் முன்னோர் பெயரைத் தானே செம்பில் பொறித்துவைத்தான். கோலை எதிர்த்துத் தூக்கிலேறியவர்க்கோ அத்தகைய செப்பேடு இல்லை. அவர்தம் மரபைத் தேடும் முறை யாதென்பதைச் சிவகங்கை மருது உடன்பிறந்தார் வரலாற்றைக்கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

கும்பினியாரை எதிர்த்த பெரிய மருதுவும் சின்ன மருதுவும் 1801 அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். 1802-இல், சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமி உள்ளிட்ட எழுபதுக்கு மேற்பட்டோர் பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டனர். முன்னோர் கதையைப் பின்னோர்க்கு உரைக்கவேண்டிய தலைமுறையே இவ்வாறு பிறந்த மண்ணினின்றும் பிரிக்கப்பட்டது.

அறுந்த இழையை இணைக்கும் சான்று பகைவர் பக்கத்தினின்றே கிடைக்கின்றது. கும்பினிப் படைத்தலைவருள் ஒருவரான ஜேம்ஸ் வெல்ஷ், 1830-இல் தம் நினைவுக்குறிப்புகளை வெளியிட்டார். வேலெறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்பித்தவர் சின்ன மருதுவே என்றும், பின்னர் அவரையே துரத்திச் செல்லும் நிலை தமக்கு நேர்ந்தது என்றும் அவர் எழுதுகின்றார். 1818-இல் பினாங்கில் துரைசாமியைச் சந்தித்ததையும் குறிக்கின்றார். தளர்ந்து முதியவர்போல் தோன்றிய அவரைப் பெயர் கேட்ட பின்னரே வெல்ஷ் அறிந்துகொண்டார். தந்தையையும் மகனையும் நேரிற் கண்டவர் கூற்றாதலின், இஃது இரு தலைமுறையைப் பிணைக்கும் வலிய சான்றாகும். மருதுவைப் புகழவேண்டிய கடப்பாடு அவர்க்கு இன்மையும் கருதத்தக்கது.

இத்தகைய சான்றுகளைக் கையாள்வார் மூன்றனை உளங்கொள்ளல் வேண்டும். முதலாவது, சொல்திரிபு. ஆங்கில ஆவணங்களில் பாளையக்காரர் 'பாலிகர்' எனவும், வளரி 'கள்ளர் தடி' எனவும் வழங்குவர். மூலவடிவம் தெளியாமல் ஆளைத் துணிதல் கூடாது. இரண்டாவது, பெயரொற்றுமை. பாட்டன் பெயரைத் தாங்குவோன் ஆதலின் பெயரன் என்றனர். அதுவே பேரன் என மருவிற்று. ஒரே பெயர் தலைமுறை இடையிட்டு மீளும் குடியில் ஆண்டும் ஊரும் உடன் பொருந்தினாலன்றி, 'இவரே அவர்' எனல் பொருந்தாது. மூன்றாவது, வாய்மொழி. சிவகங்கைச் சரித்திரக் கும்மி, சிவகங்கைச் சரித்திர அம்மானை போன்ற கதைப்பாடல்களைப் புனைவென்று தள்ளுதலும், முழு வரலாறென்று கொள்ளுதலும் ஒப்பப் பிழையாம். அவை கூறும் உறவும் இடமும் ஆவணத்தோடு ஒத்துநோக்கற்பாலன.

செப்பேட்டு மெய்க்கீர்த்தியும் தன் தலைவனைப் புகழவே எழுந்தது. அதனைப் பிற சான்றுகளோடு ஒப்பிட்டே பாண்டியர் வரலாற்றை வரைந்தனர் அறிஞர். 'எம் முன்னோர் தூக்கிலேறினார்' என்னும் ஒரு குடும்பத்தின் கூற்றும் அதே ஆராய்ச்சிக்கு உரியது. அதனை எளிதில் ஏற்பின் வரலாறு பழுதுறும். ஆராயாது விடுப்பின், கும்பினியார் பறித்த வழிமுறையை நாமும் மறைத்தவராவோம்.